இன்மை அறிக்கை

உக்காருங்க தம்பி. பையை மடியிலயே வச்சுக்கோங்க, மேல வச்சா வளைவுல உருண்டு விழும். எதுவரைக்கும்? கலெக்டர் ஆபீஸா. திங்கக்கிழமை, மனுநாள், நெனச்சேன். கையில இருக்கிற கவர் மனுதானே? தப்பா எடுத்துக்கலைன்னா ஒரு நிமிஷம் குடுங்க, பார்த்துட்டுத் தர்றேன். பயப்படாதீங்க, நான் கவர்மெண்ட் ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷம் எழுதியே குப்பை கொட்டுனவன். கொன்றைக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரி, ஆபீஸ் சூப்பரின்டெண்டு. சங்கரலிங்கம்னா அந்த வட்டாரத்துல தெரியும். ஜனவரியிலதான் ரிட்டயர்டு ஆனேன்.

ம். பாருங்க, இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது. முதல் வரியே, 'எங்கள் ஊரில் ஓடைக்குப் பாலம் இல்லை'. ரெண்டாவது வரி, 'மழைக்காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியவில்லை'. இப்படியா தம்பி எழுதுறது? எடுத்த எடுப்பிலயே இல்லை, முடியவில்லைன்னு மூக்கால அழுதா, படிக்கிற அதிகாரிக்கு உங்க ஊர் மேல என்ன மரியாதை வரும்? முதல்ல ஊரோட பெருமை. அப்புறம் மக்கள்தொகை. அப்புறம் இதுவரைக்கும் அரசாங்கம் செஞ்ச நல்லதுக்கெல்லாம் நன்றி. கடைசிப் பக்கத்துல, நாசூக்கா, பாலம். நீங்க ஒரே பக்கத்துல முடிச்சிருக்கீங்க வேற. சரி, எழுதுனது எழுதியாச்சு, உள்ள வைங்க. கசங்கிடப் போகுது.

எனக்கு எங்கயா? மாவட்ட ஆஸ்பத்திரி. எனக்கு இல்லை, வீட்டுல. அந்தா பாருங்க, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, ஜன்னலோரம், பச்சைச் சேலை. அதான் என் சம்சாரம், காந்திமதி. புருஷன் இங்க, பொண்டாட்டி அங்கயான்னு பார்க்கிறீங்க. சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து எங்களுக்குள்ள பேச்சு இல்லை. அவளுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு தம்பி. வாரத்துக்கு ரெண்டு நாள், திங்களும் வியாழனும், டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். அவளைச் சுத்தி உக்காந்திருக்காங்கல்ல, கண்ணாடி போட்டவர், தலையில துண்டு கட்டினவர், அந்தக் காலேஜ் பொண்ணு, எல்லாம் அதே கூட்டம்தான். இந்த ஆறு பத்து பஸ்ஸே அவங்களுக்குத்தான்னு ஆயிடுச்சு. முன்னால நாலு வரிசையைக் கண்டக்டர் வேற யாருக்கும் குடுக்க மாட்டார்.

எழுபது கிலோமீட்டர். போக எழுபது, வர எழுபது. ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டு வர்ற உடம்பு, இந்த ரோட்டுல குலுங்கிக் குலுங்கி வரணும். எனக்கு வயிறு எரியுது தம்பி. ஏன்னா அந்த மெஷின் எங்க ஊருக்கு வந்திருக்க வேண்டியது. நான் எழுதுன கருத்துருவுக்கு வந்திருக்க வேண்டியது. கருத்துருன்னா தெரியும்ல? எங்களுக்கு இது வேணும், இன்ன காரணத்துக்கு வேணும், இவ்வளவு செலவாகும்னு மேலிடத்துக்கு எழுதுற ஃபைலு. நாப்பத்திரண்டு பக்கம் எழுதுனேன். அப்படி ஒரு கருத்துரு எங்க மாவட்டத்திலிருந்து இதுவரை போனதில்லை. அதை ஒரே வரியில திருப்பி அனுப்புனான் ஒருத்தன். ஒரே வரி.

முதல்ல இருந்து சொல்றேன். நேரம் இருக்குல்ல, இன்னும் ஒன்றரை மணி நேரம் போகணும்.

ரெண்டரை வருஷம் முன்னால எங்க ஆஸ்பத்திரிக்குப் புது தலைமை டாக்டரா பெனிட்டாம்மா வந்தாங்க. சின்ன வயசு. நல்ல டாக்டர், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா ஆபீஸ் நடைமுறை தெரியாது. வந்த மூணாவது மாசம் என்னைக் கூப்பிட்டு, "சூப்பரின்டெண்டு சார், நம்ம ஊர்லருந்து டயாலிசிஸுக்குன்னே ஒரு பஸ் போகுதாமே, எனக்கு யாருமே சொல்லலையே"ன்னு கேட்டாங்க. ஆமாம்மா, ஆறு பத்து பஸ்ஸுன்னேன். "பழைய காசநோய் வார்டுல உடைஞ்ச கட்டிலைத்தானே போட்டு வச்சிருக்கோம். அதைச் சரி பண்ணி ரெண்டு மெஷின் கேப்போம். ஒரு டெக்னீஷியன், ரெண்டு நர்ஸ், தண்ணி சுத்திகரிக்க ஒரு பிளான்ட். நான் எழுதிட்டேன், பாருங்க"ன்னு ஒரு தாளை நீட்டுனாங்க.

ஒரு தாள் தம்பி. ஒரே ஒரு தாள். 'எங்கள் பகுதியில் சிறுநீரக நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்க வசதி இல்லை. இதனால் மக்கள் இறக்கிறார்கள்.' இப்படி ஆரம்பிக்குது. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. ஒரு தலைமை டாக்டர், தன் ஆஸ்பத்திரியைப் பத்தி, தன் கையெழுத்துல, மக்கள் இறக்கிறார்கள்னு எழுதலாமா? நாளைக்கு எவனாவது தகவல் உரிமைச் சட்டத்துல இதை வாங்கிப் பேப்பர்ல போட்டா? "அம்மா, நீங்க வைத்தியத்தைப் பாருங்க, எழுதுறதை என்கிட்ட விடுங்க"ன்னு வாங்கிக்கிட்டேன்.

மூணு வாரம் உக்காந்து எழுதுனேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் எழுதுனேன். காந்திமதி காபி கொண்டுவந்து வச்சுட்டு, "அப்படி என்ன எழுதுறீங்க"ன்னு கேப்பா. அப்ப அவ நல்லா இருந்தா. நான் படிச்சுக் காட்டுவேன். ஊர் வரலாறு, எல்லைகள், ஆண்டு சராசரி மழை, பயிர் வகைகள், கோவில்கள், தொழில்கள். அப்புறம் ஆஸ்பத்திரி. குடும்ப நலத்துல மாவட்டத்தில் இரண்டாமிடம், சுத்தத்துக்குப் பாராட்டுச் சான்றிதழ், தடுப்பூசி நூறு சதவீதம். 'இவ்வாறாக, குறைகள் ஏதுமின்றிச் சிறப்புறச் செயல்பட்டுவரும் இம்மருத்துவமனைக்கு மணிமகுடம் சூட்டினாற்போல்' அப்படின்னு ஒரு வரி. அந்த வரியிலதான் டயாலிசிஸ் வரும். முப்பத்தெட்டாம் பக்கம்.

டாக்டரம்மா படிச்சுட்டு, "சார், குறையே இல்லைன்னு எழுதியிருக்கீங்களே. குறை இல்லாத ஆஸ்பத்திரிக்கு எதுக்கு மெஷின் தருவாங்க?"ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சேன். "அம்மா, நல்லா படிக்கிற பிள்ளைக்குத்தான் பிரைஸ் குடுப்பாங்க"ன்னேன். அவங்க பேனாவை எடுத்தாங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க.

போச்சு. அஞ்சு மாசம். நான் போன் மேல போன் போட்டு, எந்த மேசையில இருக்கு, எந்த மேசையில இருக்குன்னு பின்னாலயே போனேன். கடைசியில ஒரு நாள் தபால்ல வந்து விழுந்துச்சு. எனக்கு இன்னைக்கும் மனப்பாடம். 'பார்வையில் காணும் மருத்துவமனையின் கடந்த மூன்றாண்டு மாதாந்திர அறிக்கைகளில், சிறுநீரகச் சிகிச்சைக்கு வெளியே அனுப்பப்பட்ட நோயாளிகள் எண்ணிக்கை இன்மை எனக் குறிப்பிடப்பட்டுள்ளதால், தேவை குறித்துத் தெளிவுபடுத்துக.' அவ்வளவுதான். நாப்பத்திரண்டு பக்கம் எழுதினவனுக்கு ஒரு வரி பதில். மழை அளவெல்லாம் படிச்சானா இல்லையான்னே தெரியலை.

இன்மைன்னா, ஒருத்தரும் இல்லைன்னு அர்த்தம். ஆபீஸ் பாஷை. எங்க அறிக்கையில இருந்தது உண்மைதான். அதை நான்தான் எழுதுனேன். அதை எப்படி எழுதுறதுன்னு உங்களுக்குத் தெரியணும், இல்லைன்னா நான் என்னமோ பொய் எழுதுனேன்னு நெனைப்பீங்க.

மாசாமாசம் ஒரு அறிக்கை போகும். அதுல பன்னிரண்டாவது கலம், மேல்சிகிச்சைக்கு வெளியே அனுப்பப்பட்டவங்க. டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் குடுத்து, ரிஜிஸ்டர்ல ஏத்துனா, அது கணக்குல வரும். அந்த எண் பத்தைத் தாண்டுச்சோ, மாவட்டக் கூட்டத்துல எங்க டாக்டரை எழுப்பி நிக்க வச்சு, ஏன் இங்கேயே பார்க்க முடியலை, சம்பளம் எதுக்கு வாங்குறீங்கன்னு கேப்பாங்க. மறுநாள் மெமோ வரும், விளக்கம் தருகன்னு. எனக்கு முன்னால இருந்த சூப்பரின்டெண்டு காலத்துல மாசத்துக்கு ஒரு மெமோ. நான் வந்ததும் ஒரு ஏற்பாடு பண்ணுனேன். நம்மால பார்க்க முடியாத கேஸா, வாயால சொல்லி அனுப்புங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போங்கம்மா, நல்லா பார்ப்பாங்கன்னு அன்பா சொல்லுங்க. சீட்டு எதுக்கு? நோயாளிக்கும் வைத்தியம் கிடைச்சுது, நம்ம அறிக்கையும் சுத்தமா இருக்கு. சீட்டு எழுதலைன்னா அனுப்பலைன்னுதானே அர்த்தம்? அனுப்பலைன்னா இன்மைதானே? ஒன்பது வருஷம் தம்பி. ஒரு மெமோ வந்ததில்லை. பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் வந்து என்கிட்ட யோசனை கேட்டுட்டுப் போவாங்க.

பெனிட்டாம்மாவும் அப்படித்தான் நடந்துட்டிருந்தாங்க. அது நம்ம ஆஸ்பத்திரி வழக்கம்னு நர்ஸுங்க சொன்னதை நம்பிட்டாங்க. கடிதம் வந்த அன்னைக்குத்தான் அவங்களுக்கு விஷயம் புரிஞ்சுது. 

அப்பத்தான் முத்தரசி ஒரு நோட்டோட வந்து நின்னா. சீனியர் ஸ்டாஃப் நர்ஸ். பள்ளிக்கூடப் பிள்ளைங்க வச்சிருக்கிற மாதிரி ஒரு நோட்டு. வாயால சொல்லி அனுப்புன கிட்னி நோயாளிங்க பேரை எல்லாம் அதுல எழுதி வச்சிருக்கா. பேர், ஊர், போன் நம்பர், தேதி. எதுக்கும்மா இதுன்னு கேட்டா, "அப்புறம் எப்படி இருக்காங்கன்னு விசாரிக்கணும்ல சார், அதுக்கு"ங்கிறா. அறுபத்தி மூணு பேர். அதுல சில பேருக்கு நேரா சிவப்பு மையில கோடு. இது என்னன்னு கேட்டேன். "இவங்க பஸ்ல போறதை நிறுத்திட்டாங்க சார்." ஏன், குணமாயிடுச்சா? அவ நோட்டை டாக்டரம்மா பக்கம் தள்ளுனா. டாக்டரம்மாதான் எண்ணுனாங்க. பத்தொன்பது.

கஷ்டமாத்தான் இருந்துச்சு. நானும் மனுஷன்தானே. ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்த நோட்டுக்கு வரிசை எண் இல்லை, முத்திரை இல்லை, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து இல்லை. அது ஆவணமே இல்லை. டாக்டரம்மா சொல்றாங்க, "இதை அப்படியே இணைச்சு, எங்கள் முந்தைய அறிக்கைகள் தவறானவைன்னு எழுதி அனுப்பிடுவோம். நான் பொறுப்பு ஏத்துக்கிறேன்."

தவறானவை. முப்பத்தாறு மாச அறிக்கை. முப்பத்தாறுலயும் என் சுருக்கொப்பம். டாக்டருங்களுக்கு என்ன, கையெழுத்துப் போட்டுட்டு வேற ஊருக்கு மாறிடுவாங்க. எனக்கு ரிட்டயர்டு ஆக ஒன்னேகால் வருஷம் இருந்துச்சு. அந்த நேரத்துல ஒரு பதினேழு பி வந்தா, அதான் தம்பி, குற்றச்சாட்டு மெமோ, விசாரணை முடியிற வரைக்கும் பென்ஷன் கைக்கு வராது. எத்தனை பேர் அப்படி அலைஞ்சு செத்ததை நான் பார்த்திருக்கேன். அதுவும் போக, முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல ஒரு கரும்புள்ளி இல்லை. நானே என் கையால, நான் எழுதுனதெல்லாம் தப்புன்னு எழுதணுமா?

நான் அவங்க கால்ல விழலை, அவ்வளவுதான். "அம்மா, என்னை நம்புங்க, ஒரு வாரம் குடுங்க, தப்புன்னு ஒத்துக்காமலே மெஷின் வாங்கித் தர்றேன்"ன்னேன். ஒரு வாரம்தான் சார்னாங்க. முத்தரசி நோட்டை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டா.

பதினொரு பக்கம் பதில் எழுதுனேன். சத்தியமா சொல்றேன், நான் எழுதுனதுலயே அதுதான் உச்சம். 'தற்போது இன்மை எனினும், எதிர்காலத் தேவையைத் தொலைநோக்குடன் கருத்திற்கொண்டு' அப்படின்னு போகும். படிச்சா உங்களுக்கே மெஷின் குடுக்கணும்னு தோணும். ஆறு வாரத்துல பதில் வந்துச்சு. 'தேவை எழும்போது பரிசீலிக்கலாம். மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது.' இந்தத் தடவை ரெண்டே வரி. அந்தப் பிரிவுல உக்காந்திருக்கிறவனுக்கு எழுதவே தெரியாது தம்பி. எழுதத் தெரியாதவன்கிட்ட எழுதத் தெரிஞ்சவன் மாட்டிக்கிட்டா இதுதான் கதி.

இன்னும் கேளுங்க. அந்த ரெண்டு மெஷின் எங்க போச்சு தெரியுமா? மேற்கே ஒரு தாலுகா ஆஸ்பத்திரி இருக்கு, எங்களைவிடச் சின்னது. அங்க சூப்பரின்டெண்டு தனுஷ்கோடின்னு ஒருத்தன். சட்டைப் பித்தானை ஒழுங்காப் போடத் தெரியாதவன். அவன் வர்றவன் போறவனுக்கெல்லாம் சீட்டு எழுத விட்டு, மாசத்துக்கு முப்பது நாப்பதுன்னு கணக்குக் காட்டியிருக்கான். தொடர்ந்து பதினாலு மெமோ வாங்கியிருக்கான். வெக்கமில்லாம அந்தப் பதினாலு மெமோவையும் நகலெடுத்து, கருத்துருவுக்குப் பின்னால இணைப்பா வச்சிருக்கான். 'எங்களால் பார்க்க முடியவில்லை என்பதற்குத் தாங்களே அனுப்பிய சான்று' அப்படின்னு மேல ஒரு வரி. மொத்தம் நாலு பக்கக் கருத்துரு. அவனுக்கு மெஷின். ஒழுங்கா இருந்தவனுக்கு ஒண்ணுமில்லை, மெமோவா வாங்கிக் குவிச்சவனுக்கு மெஷின். இந்த நாடு உருப்படுமா, சொல்லுங்க.

சரி, விட்டுட்டேன். ஜனவரியில பொன்னாடை போர்த்தி அனுப்பி வச்சாங்க. பேசுன எல்லாரும், சங்கரலிங்கம் சார் ஒரு மெமோ வாங்காதவர்னுதான் பேசுனாங்க. டாக்டரம்மா மட்டும் பேசலை. தலைவலின்னு உள்ள போயிட்டாங்க.

பங்குனியில இவளுக்குக் கால் வீங்குச்சு. முகம் உப்புச்சு. சோறு இறங்கலை. ஏதோ பித்தம்னு நெனச்சு ரெண்டு வாரம் கஷாயம் குடிச்சா. அப்புறம் எங்க ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போனேன். பெனிட்டாம்மா ரத்தம் பார்த்துட்டு, அவளை வெளிய உக்கார வச்சுட்டு என்கிட்ட சொன்னாங்க. ரெண்டு கிட்னியும்னாங்க. எங்களுக்குப் பிள்ளை இல்லை தம்பி. அவளுக்கு நான், எனக்கு அவ. அவ்வளவுதான் எங்க குடும்பம்.

அவங்க உடனே சீட்டுக் கட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சாங்க. பேர் எழுதிட்டாங்க. நான் கையை நீட்டித் தடுத்துட்டேன். என்னை அறியாமலே கை போயிடுச்சு. "வாயால சொல்லுங்கம்மா போதும், நாங்களாவே போய்க்கிறோம்"ன்னேன். "சார், நீங்க ரிட்டயர்டு ஆயிட்டீங்க"ன்னு அவங்க சொன்னாங்க. ரிட்டயர்டு ஆனா என்ன? அந்த ரிஜிஸ்டர்ல கிட்னிப் பக்கம் ஒன்பது வருஷமா வெள்ளையா இருக்கு. அதுல விழுற முதல் பேரு, காந்திமதி, கணவர் பெயர் சங்கரலிங்கம்னா, ஆபீஸ்ல என்ன பேசுவாங்க? எனக்கப்புறம் வந்திருக்கிற பையன் நான் சொல்லிக் குடுத்து வளர்ந்தவன். அவன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? டாக்டரம்மா பேனாவை மூடி வச்சுட்டாங்க.

சீட்டு இல்லாததுல சின்ன கஷ்டம் இருக்கு, மறைக்கலை. மாவட்ட ஆஸ்பத்திரியில, சீட்டோட வர்றவங்களுக்கு எட்டு மணி ஷிஃப்டு. நேரா வர்றவங்க, மெஷின் காலியாகுற வரைக்கும் வராண்டாவுல இருக்கணும். மதியம் ஒரு மணி ஆகும், சில நாள் ரெண்டரை ஆகும். எங்க ஊர்க்காரங்க எல்லாருமே வராண்டாதான். யார்கிட்டயும் சீட்டு கிடையாதே. "எந்த ஆஸ்பத்திரியிலருந்து அனுப்புனாங்க"ன்னு அந்த நர்ஸ் கேப்பா. யாரும் அனுப்பலை, நாங்களா வந்தோம்னு நான் சொல்லுவேன். அவ எழுதிக்குவா. அஞ்சு மாசமா அப்படித்தான்.

போன வியாழக்கிழமை மணி ஒன்றரை இருக்கும். இவ வராண்டா பெஞ்சுல உக்காந்திருந்தவ அப்படியே சரிஞ்சுட்டா. நான் தண்ணி பாட்டில் வாங்கப் போயிருந்தேன். நான் வர்றதுக்குள்ள அந்தக் காலேஜ் பொண்ணு மடியில தலையைத் தூக்கி வச்சிருக்கு. உள்ள தூக்கிட்டுப் போனாங்க. அந்த நர்ஸ் என்னைப் பார்த்து, "ஒரு சீட்டு வாங்கிட்டு வந்தா காலையிலயே போட்டிருப்போமேய்யா, உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதா"ன்னு கேட்டா. என்னைப் பார்த்து, தம்பி. எழுதப் படிக்கத் தெரியாதான்னு.

அதைக் காந்திமதி கேட்டுக்கிட்டே படுத்திருந்தா.  சனிக்கிழமை நான் நியாய விலைக் கடைக்குப் போயிருந்த நேரத்துல, அவளா ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. புறநோயாளி வரிசையில நின்னு சீட்டு எழுதி வாங்கியிருக்கா. அதோட விட்டாளா? முத்தரசிகிட்ட அந்த நோட்டை வாங்கி ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி, பஸ்ல வர்ற அத்தனை பேரையும் வரவழைச்சிருக்கா. ஒரே நாள்ல பதினொரு சீட்டு. கிட்னிப் பக்கத்துல பதினொரு பேர். வரிசை எண் ஒண்ணு, காந்திமதி. சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து அந்தப் பையன் போன் பண்றான், "ஐயா, என்னய்யா இது, மாசக் கடைசியில நான் எப்படி அறிக்கை அனுப்புவேன்"ன்னு.  எனக்கு அவமானமாப் போச்சு.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா"ன்னு கேட்டேன் இவளை. "உங்களைக் கேட்டா என்னையும் இன்மைன்னு எழுதிடுவீங்க"ன்னா. அதான் கடைசியாப் பேசுனது. எனக்கும் கோவம் வந்துச்சு, நானும் பேசலை.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. இந்தா பாருங்க, சட்டைப் பையில. இதான் அந்தச் சீட்டு. காலையில அவ அடுப்படியில இருக்கும்போது அவ பையிலருந்து நான் எடுத்துட்டேன். அப்படிப் பார்க்காதீங்க தம்பி. இந்தச் சீட்டோட கீழ்ப்பாதி இருக்குல்ல, அதை மாவட்ட ஆஸ்பத்திரியில கிழிச்சு முத்திரை போட்டுத் திருப்பி அனுப்புவாங்க. அது வந்தாத்தான் கணக்கு. வரலைன்னா, நோயாளி செல்லவில்லைன்னு எழுதி அந்த வரியை ரத்து பண்ணிடலாம். மத்த பத்து பேரை நான் ஒண்ணும் பண்ண முடியாது. என் வீட்டுப் பேராவது அதுல இல்லாம இருக்கட்டும். இன்னைக்கு ஒரு நாள் வராண்டாவுல கூட இருந்து நான் பார்த்துக்கிறேன். விசிறி கொண்டு வந்திருக்கேன். ரெண்டு தலையணைகூட கொண்டு வந்திருக்கேன். அவளை நான் பார்த்துக்க மாட்டேனா?

அவளைப் பார்க்காம இருக்கேன்னு நெனைக்காதீங்க. அவ இடது கையைப் பாருங்க, ஜன்னல் கம்பியில படாம மடியில வச்சிருக்கால்ல. அந்தக் கையிலதான் ஊசி போடுறது. வீட்டுல அந்தக் கையால ஒரு டம்ளர் தூக்க விடமாட்டேன். துணி நான்தான் துவைக்கிறேன். எனக்கும் பயமா இருக்கு தம்பி. அந்த நோட்டுல சிவப்புக் கோடு போட்டதெல்லாம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருது. ஆனா அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மெஷின் குடுக்காதது அவன். ரெண்டு வரியில எழுதி முடிச்சவன் அவன். என்னைக் குறை சொன்னா எப்படி? நான் ஐம்பத்திமூணு பக்கம் எழுதியிருக்கேன்.

பைபாஸ் வந்துடுச்சு. ஆஸ்பத்திரி ஸ்டாப் முதல்ல, கலெக்டர் ஆபீஸ் அடுத்த ஸ்டாப். எல்லாரும் எந்திரிக்கிறாங்க பாருங்க. இவ ஏன் முன் படிக்குப் போகாம இங்க வர்றா? பையைத் தேடிப் பார்த்திருப்பா. இப்ப எல்லாருக்கும் முன்னால கேக்கப் போறா. இருங்க.

கேட்டீங்களா தம்பி? என்ன சொல்லிட்டுப் போறான்னு கேட்டீங்களா? "அது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் ரெண்டு பிரதி வாங்கியிருக்கேன்." சத்தம்கூடப் போடலை. சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு. அப்ப காலையில நான் எடுத்ததைப் பார்த்திருக்கா. பார்த்துட்டும் ஒண்ணும் கேக்கலை. ஒன்றரை மணி நேரமா அங்க உக்காந்துக்கிட்டு, நான் அதைக் கொண்டுவந்து குடுப்பேனா மாட்டேனான்னு பார்த்துட்டே வந்திருக்கா.

ரெண்டு பிரதின்னா, ரிஜிஸ்டர்ல ரெண்டு வரிசை எண் விழுந்திருக்குமா? அப்ப பதினொண்ணு இல்லையே, பன்னெண்டு ஆயிடுமே. அந்தப் பையனுக்குப் போன் பண்ணிக் கேக்கணும்.

கொஞ்சம் வழி விடுங்க தம்பி, தலையணையை எடுத்துக்கிறேன். அந்தப் படி உயரம், அவளால தனியா இறங்க முடியாது, நான்தான் பிடிக்கணும். காந்திமதி, நில்லு. நில்லுன்னு சொல்றேன்ல.

இறங்கிட்டா.